பீடி டைம்

கொரட்டூர் ஏரியின் வடகரைக் காலனியில் தொண்ணூற்றொன்றாம் வருஷம் மாசி மாதம் ஏழு ஆம்பிளைகள் ஒரே நாளில் பீடியை விட்டார்கள். ஏழு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுண்டரியில் காண்ட்ராக்ட் ஆட்கள். அதற்கு முன்னால் அந்தக் காலனியில் உயிரோடு இருந்து பீடியை விட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது.

தசரதனுக்கு வந்த இருமலில் ஆரம்பித்தது அது. தசரதனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயசு. அச்சில் ஊற்றி ஆறிய இரும்பைச் சம்மட்டியால் தட்டி, ஒட்டியிருக்கும் கரி மண்ணை உதிர்ப்பது அவன் வேலை. பதினாறு வருஷமாக அதே வேலை. வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் குளித்தாலும் காது மடிப்பிலும் நகக்கண்ணிலும் கறுப்பு போகாது. துப்பினால் எச்சிலும் கறுப்பாகத்தான் விழும். இதெல்லாம் அந்த வேலையோடு சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தான். தை பிறந்ததிலிருந்து இருமல் நிற்கவில்லை. ஏரிக்கரை மேட்டில் மிதிக்க முடியாமல் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தான். மேடு ஏறினதும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பான். துணி துவைக்கிற பெண்கள் பார்த்துவிட்டு அவன் பெண்சாதி தாட்சாயிணியிடம் சொன்னார்கள்.

தாட்சாயிணி ஹவுசிங் போர்டு பக்கம் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து வீடு கூட்டுகிறவள். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு அவனை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டி.பி. இல்லை. மண் தூசி பாதி, பீடி பாதி என்று டாக்டர் சொன்னார். தூசியை விட்டால் சோறு இல்லை என்றால் பீடியையாவது விடு, இல்லாவிட்டால் நாற்பத்தைந்தைத் தாண்ட மாட்டாய் என்றும் சொன்னார். தசரதன் அன்றைக்கே விட்டான். மறுநாள் பத்தரை மணிக்கு மறுபடியும் பிடித்தான். இப்படி நாலு தடவை ஆயிற்று.

அந்த நாளில் காலனிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வதம் என்று ஒரு அம்மா வருவாள். ஆவடி டாங்க் பேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தாள். புருஷனுக்கு அங்கே வேலை. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இங்கே வந்து பதினைந்து வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. ஏதோ ஒரு சேவை சங்கத்தில் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் என்று சொல்லிக்கொடுத்தாள். அந்த வருஷம் அவர்கள் சங்கம் புகையை நிறுத்துகிற வேலையை எடுத்திருந்தது. தாட்சாயிணி போய்த் தன் கதையைச் சொன்னபோது பார்வதம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒத்த ஆளா இதை விட முடியாது தாட்சாயிணி. கூட நிக்கவன் பூராப் பேரும் ஊதுதான், இவரு மட்டும் எப்படிச் சும்மா நிப்பாரு? யார் யார் கூடச் சேர்ந்து குடிக்காரோ அவங்களையும் கூட்டிட்டு வாங்க. விட்டா எல்லாரும் சேர்ந்துதான் விடணும்."

பக்கத்து வீட்டு எத்திராஜ் தசரதனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். ஒரே வத்திக்குச்சியில் இரண்டு பேரும் பற்றவைத்துப் பழகியவர்கள். தாட்சாயிணி முதலில் எத்திராஜின் பெண்சாதி பஞ்சவர்ணத்தைப் பிடித்தாள். பஞ்சவர்ணம் எத்திராஜைப் பிடித்தாள். எத்திராஜ் சிரித்துக்கொண்டே வந்தான். தசரதனுக்காக ஒரு மாசம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன் என்றான். அவன் வந்ததும் மற்ற ஐந்து பேரும் வந்தார்கள். படிப்பகத்துக் கொட்டகையில் ஏழு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பார்வதம் யாரையும் திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. எந்த நேரத்தில் கை தன்னால் சட்டைப் பைக்குப் போகிறது என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னாள். கேட்டுப் பார்த்தால் ஏழு பேருக்கும் அது பத்தரை மணி.

பெண்களையும் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். ஒரு மாசத்துக்கு ஆம்பிளைகள் எரிந்து விழுவார்கள், பதில் பேசக் கூடாது என்றாள். அது ஆம்பிளைகள் பீடியை விடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. எத்திராஜ் குழம்பில் உப்பு இல்லை என்று சட்டியைத் தெருவில் எறிந்தான். பஞ்சவர்ணம் உதட்டை மடித்துக்கொண்டு போய்ப் பொறுக்கி வந்தாள். வறுத்த கொத்தமல்லி விதையைப் பொட்டலம் கட்டி ஏழு பேர் பையிலும் போட்டார்கள். நாள் பூரா மென்றார்கள். காலனியில் யார் பக்கத்தில் போனாலும் ரசம் கொதிக்கிற வாசனை அடித்தது. இரண்டாவது வாரம் ஒருத்தன் தவறினான். மற்ற ஆறு பேரும் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசித் திரும்ப அழைத்து வந்தார்கள். மூன்றாவது வாரம் தசரதன் ஏரிக்கரை மேட்டில் பாதி தூரம் மிதித்தே ஏறினான். பார்வதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேறு காலனிகளுக்கும் இதைச் சொல்லுவேன் என்றாள்.

அந்த பவுண்டரியில் ஒரு வழக்கம் இருந்தது. பர்மனென்ட் ஆட்களுக்குப் பத்தரைக்கு மணி அடிக்கும். கேன்டீனில் டீ குடிப்பார்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த மணி கிடையாது. மத்தியானச் சோறு வரைக்கும் கை ஓயக் கூடாது. ஆனால் பீடி குடிக்கப் பத்து நிமிஷம் பின்பக்கம் போனால் கண்டுகொள்ள மாட்டார்கள். யாரும் எழுதிவைக்காத சலுகை அது. பீடி டைம் என்று பெயர். பின்பக்க மதிலை ஒட்டி உடைந்த அச்சுப் பெட்டிகளைப் போட்டிருப்பார்கள். அதன் மேல் குந்திக் குடித்துவிட்டு வருவார்கள்.

ஏழு பேரும் பீடியை விட்ட பிறகும் பத்தரைக்கு அங்கே போய்க் குந்தினார்கள். கொத்தமல்லியை மென்றார்கள், தண்ணீர் குடித்தார்கள். மேஸ்திரி கலியமூர்த்தி இரண்டு வாரம் பார்த்துக்கொண்டு போனான். அவன் கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனும் காண்ட்ராக்டரிடம் கைகட்டி நிற்கிறவன்தான். பங்குனியில் ஆர்டர் அதிகமானது. ஒரு திங்கட்கிழமை வந்து எதிரில் நின்றான்.

"பீடிய வுட்டுட்டீங்களாமே, நல்ல விசயம். அப்பால இங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீறீங்க?"

தசரதன், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறோம் என்றான்.

"மூச்ச உள்ளயே வாங்கு. பீடிக்குத்தான் டைம் வுட்டுக்கீது. பீடி குடிக்காதவனுக்கு வெளிய இன்னா வேல?"

சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் கேட்டது. ஏழு பேரும் எழுந்து உள்ளே போனார்கள். அதே பெட்டிகளின் மேல் மற்ற காண்ட்ராக்ட் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் புகைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். கூரைத் தகரத்தின் கீழே உலைச் சூடும் வெயிலும் சேர்ந்து வேக, இந்த ஏழு பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை எத்திராஜ் ஒரு பீடியை வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்க் குந்தினான். சனிக்கிழமைக்குள் ஆறு பேர் பீடிக்குத் திரும்பிவிட்டார்கள். தசரதன் ஒன்பது நாள் தாக்குப்பிடித்தான்.

தாட்சாயிணிக்குச் சட்டை துவைக்கும்போது தெரிந்துபோயிற்று. பைக்குள் பீடித்தூள். அன்றைக்கு அவன் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"எத்தினி நாளா நடக்குது?"

"நாலு நாளு."

"டாக்டரு சொன்னது காதுல வுயலயா ஒனக்கு? ரெண்டு புள்ளைங்கள என் தலைல கட்டிட்டுப் போவலாம்னு கீறியா?"

தசரதன் சுவரில் சாய்ந்துகொண்டான். அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் மேஸ்திரி சொன்னதை முதல் தடவையாக அவளிடம் சொன்னான்.

"பத்தரைக்கெல்லாம் சம்மட்டிய தூக்க முடியல தாட்சு. செத்த குந்தணும். சொம்மா குந்தினா கத்தறான். கைல பீடி இருந்தா அவனே பக்கத்துல வந்து நெருப்பு கேக்கறான்."

"பத்த வச்சி கைல புடிச்சிகினு குந்தேன். இய்க்கணுமா?"

"மொத நாளு அப்டித்தான் பண்ணேன். ரெண்டாம் நாளு தானா வாயிக்குப் போயிடிச்சி. பதினாறு வருசமா போன கைமே அது."

தாட்சாயிணிக்குக் கோபம் யார்மேல் போவது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்வதம் வந்தபோது அவள்மேல் போயிற்று. பார்வதம் சங்கத்துப் படங்களை விரித்து, மறுபடியும் குடிக்க ஆரம்பித்தவர்களை எப்படித் திருப்புவது என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். மனசு உறுதியாக இருக்க வேண்டும் என்றாள்.

"மனசெல்லாம் உறுதியாத்தான் கீது பார்வதம்மா. குந்தறதுக்கு எடம் இல்ல. அத்த வாங்கிக் குடுங்க மொதல்ல."

பார்வதம் படங்களைச் சுருட்டினாள். இது தன் பாடத்தில் இல்லாத விஷயம் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் ஓடி ஒளிகிறவள் இல்லை அவள். திங்கட்கிழமை தாட்சாயிணியோடு பவுண்டரி ஆபீஸுக்கு வந்தாள். ஆபீஸில் ஒரு மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, காண்ட்ராக்ட் ஆட்கள் தங்கள் ஆட்கள் இல்லை, காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றார்கள். காண்ட்ராக்டருக்கு ஆபீஸ் பாரிமுனையில். இரண்டு நாள் கழித்து அங்கே போனபோது, நேரம் காலமெல்லாம் மேஸ்திரி பார்த்துக்கொள்வது, தனக்கு எதுவும் தெரியாது என்றான் அவன். மேஸ்திரி கலியமூர்த்தி, காண்ட்ராக்டர் ஒரு வார்த்தை சொன்னால் தனக்கென்ன, தாராளமாக விடுகிறேன் என்றான். பார்வதம் தன் சங்கத்து லெட்டர்பேடில் மூன்று பேருக்கும் கடிதம் எழுதினாள். ஒருத்தரிடமிருந்தும் பதில் வரவில்லை.

தாட்சாயிணி விடவில்லை. சித்திரை வெயிலில் ஒருநாள் தனியாக பவுண்டரி கேட்டுக்குப் போய் நின்றாள். கலியமூர்த்தி வெளியே வந்தான். சுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிப் பேசினான்.

"இத்தினி தபா வந்து நிக்கறியேன்னு சொல்றேன். ஒன் ஊட்டுக்காரன் மட்டும் பத்து நிமிசம் குந்தட்டும். நான் ஒண்ணும் கேக்கல. மத்தவனுங்களப் பத்தி எங்கிட்ட பேசாத."

அவள் சரி என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ரயில்வே லைனைத் தாண்டி வீட்டுப் பக்கம் வரும்போதுதான் மற்ற ஆறு பேர் ஞாபகம் வந்தது. சாயங்காலத்துக்குள் விஷயம் காலனிக்கு வந்துவிட்டது. குழாயடியில் பஞ்சவர்ணம் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் எதிரில் வந்து நின்றாள்.

"ஏழு பேரையும் ஒண்ணா இட்டாந்து குந்த வச்சிட்டு, ஒன் ஆளுக்கு மட்டும் எடம் வாங்கிகினியா?"

"அந்தாளு செத்துடுவான்டி."

"எங்க ஆளு சாவ மாட்டானா?"

பஞ்சவர்ணம் குடத்தை நிரப்பாமலே தூக்கிக்கொண்டு போனாள்.

தசரதன் பீடியை மறுபடியும் விட்டான். மேஸ்திரி கொடுத்த இடத்தில் ஒரு நாள் குந்தினான். பீடி குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன்கூட அவன் பக்கம் திரும்பவில்லை. எத்திராஜ் மட்டும், மச்சான் இப்ப ஆபீசராயிட்டாரு என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான். மறுநாளிலிருந்து தசரதன் வெளியே போகவில்லை. காலை எட்டிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தான். இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. பீடி நாற்றம் இல்லாத சட்டையைத் துவைத்துப்போட்டுவிட்டுத் தாட்சாயிணி ஏதோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள் அவன் வேலை செய்த இடத்திலேயே விழுந்தான். எத்திராஜ்தான் தூக்கி வெளியே போட்டு, முகத்தில் தண்ணீர் அடித்து, சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் குளுகோஸ் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டில் பாயில் கிடந்தவனைப் பார்த்துக்கொண்டு எத்திராஜ் வாசல்படியில் குந்தியிருந்தான். இவன் பத்து நாளாகப் பீடியும் இல்லாமல் இடமும் இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தான் என்பதை அவன்தான் தாட்சாயிணியிடம் சொன்னான். சொல்லும்போது அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பஞ்சவர்ணம் ஒரு சொம்பில் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் கொண்டுவந்தாள். தசரதனை எழுப்பி உட்காரவைத்துக் கொடுத்தாள். அவன் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்த பிறகுதான் தாட்சாயிணியிடம் பேசினாள்.

"போன வருசம் இந்தாளு டிபன் பாக்ஸ வுட்டுட்டுப் போயிடிச்சி. நான் எட்த்துகினு போனேன். கேட்டாண்ட குந்திகினு துன்னுச்சி. மேஸ்திரி பாத்தாரு. பாத்துட்டு ஒண்ணியும் பேசாம போயிட்டாரு."

"அதுக்கு?"

"துன்னுகினு கீறவன எய்ந்திருன்னு சொல்ல அந்தாளுக்கும் வாயி வராது. அவனும் புள்ளகுட்டிக்காரன்தான். கூழு எட்த்துகினு போலாம். ஏழு பேருக்கும்."

தாட்சாயிணி அவள் முகத்தைப் பார்த்தாள். இதற்காகப் பார்வதத்தைக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஏழு வீட்டுப் பெண்களும் அன்றைக்கே பேசி முடித்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக் கேழ்வரகு. ஆனால் பத்தரை மணிக்கு யார் கொண்டுபோவது என்பதில் வந்து நின்றது. எல்லாப் பெண்களும் அந்த நேரத்தில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் சித்தாள் வேலையில் இருப்பார்கள். தாட்சாயிணி தன் மூன்றாவது வீட்டு அம்மாவிடம் போய் மத்தியானத்துக்கு மேல் வருகிறேனே என்று கேட்டுப்பார்த்தாள். பதினொரு மணிக்குள் சமையலறை சுத்தமாக வேண்டும், முடியாது என்றாள் அந்த அம்மா. தாட்சாயிணி அந்த வீட்டை விட்டுவிட்டாள்.

நாலு நாள் கழித்து தசரதன் வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு அவள் அலுமினியத் தவலையில் கூழைக் கரைத்து, தலையில் சும்மாடு வைத்துச் சுமந்துகொண்டு எஸ்டேட் வரைக்கும் நடந்து போனாள். வாட்ச்மேன் தங்கவேலிடம், ஏழு பேருக்கு வீட்டிலிருந்து கூழ் வந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். ஏழு பேரும் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே புங்கமரத்து நிழலில் குந்தி, ஆளுக்கு ஒரு சொம்பு வாங்கி, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். கலியமூர்த்தி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான். தாட்சாயிணி இன்னொரு சொம்பில் ஊற்றி, குடிக்கிறீங்களா மேஸ்திரி என்று நீட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சீக்கிரம் ஆகட்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டான்.

அன்றைக்கு அவளுக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. திரும்பி வரும்போது காலித் தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

முதல் வாரம் ஏழு பேரும் பீடியைத் தொடவில்லை. இரண்டாவது வாரத்தில் எத்திராஜ் கூழைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். தாட்சாயிணி கையில் அகப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாத்தே, அதுக்கா நான் இவ்ளோ தூரம் சொமந்துகினு வரேன்?"

எத்திராஜுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பீடியை முதுகுப் பக்கம் மறைத்தான்.

"இன்னா பண்றதும்மா. வயிறு ரொம்பிச்சின்னா ஒண்ணு இய்க்கணும் போல கீது."

வைகாசி கடைசியில் பார்வதம் வந்தாள். சங்கத்தில் இந்தக் காலனி வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், அடுத்த மாசத்திலிருந்து கோவில்பதாகைப் பக்கம் போகிறேன் என்றாள். போகும்முன் ஒரு கணக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்: ஏழு பேர் சேர்ந்ததில் எத்தனை பேர் விட்டிருக்கிறார்கள்? தாட்சாயிணி விரல்விட்டு எண்ணினாள். மூன்று பேர் கூழுக்குப் பிறகு குடிக்கிறார்கள். ஒருத்தன் வீட்டில் குடிப்பதில்லை, எங்கே குடிக்கிறான் என்று தெரியாது. தசரதனையும் சேர்த்து மூன்று பேர்தான் மிச்சம். பார்வதம் மூன்று என்று எழுதினாள். கூழைப் பற்றிச் சொல்ல அந்தத் தாளில் இடம் இல்லை. கீழே சின்ன எழுத்தில் ஏதோ எழுதப்போய், பேனாவை மூடிவிட்டாள்.

"மூணுங்கது ரொம்பக் கம்மின்னு சொல்லுவாங்க. நான் என்ன செய்ய, தாட்சாயிணி."

"மூணு பேரு மூச்சு வுடறாங்கன்னு சொல்லுங்க" என்றாள் தாட்சாயிணி. சொன்ன பிறகு, அந்த அம்மாவிடம் கடுகடுத்து என்ன ஆகப்போகிறது என்று பட்டது. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தாள்.

மறுநாளும் தவலையைச் சுமந்துகொண்டு போனாள். மேகம் கூடியிருந்தும் காற்று இல்லை. ஏழு பேரும் குடித்தார்கள். எத்திராஜும் மற்ற இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளிப் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பற்றவைத்தார்கள். தசரதன் அவர்கள் பக்கம் பார்த்தான். எழுந்து போய் அவர்களோடு குந்திவிடுவானோ என்று அவளுக்கு ஒரு நிமிஷம் பகீரென்றது. அவன் சொம்பை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டான். அடியில் இருந்ததை வழித்து ஊற்றினாள்.

உள்ளேயிருந்து கலியமூர்த்தி குரல் கொடுத்தான். எல்லாரும் எழுந்து போனார்கள். தங்கவேல் கேட்டைச் சாத்தினான். தரையில் மூன்று பீடித் துண்டுகள் புகைந்துகொண்டு கிடந்தன. தாட்சாயிணி கோபத்தோடு அவற்றைச் செருப்பால் தேய்த்தாள். கூழ் காய்ந்து ஒட்டினால் தேய்ப்பது கஷ்டம் என்று தெருக்குழாயில் தவலையைக் கழுவிக்கொண்டாள். நாளைக்கு பஞ்சவர்ணம் வீட்டு முறை. மாவைச் சாயங்காலமே கரைத்துவைக்கச் சொல்ல வேண்டும். போன தடவை மறந்துவிட்டு, கூழ் புளிக்கவே இல்லை.